மரமஞ்சளும் மருந்துக்கு அடங்காக் கிருமிகளும்



மருந்துக்கு அடங்காத கிருமிகளை மூலிகைச் சத்துக்களால் அடக்கிவிடலாம் என்னும் நம்பிக்கை நம் ஆராய்ச்சிக்கூடங்களில் வேரூன்றியிருக்கும் இக்காலத்தில், அந்நம்பிக்கையைச் சோதிக்க நாம் கையாளும் முறை போதுமானதுதானா என்று விசாரிப்பது பொருத்தமே என்று கருதுகிறேன். கிருமிகளுக்குக் குறைந்த அளவில் மருந்தைக் காட்டினால் அவை அதற்குப் பழகிவிடும் என்று அலெக்சாண்டர் பிளெமிங் 1945-இல் தம் நோபெல் சொற்பொழிவிலேயே எச்சரித்ததும், 1959-இல் புழக்கத்துக்கு வந்த மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெபைலோகாக்கஸ் 1961-இலேயே இங்கிலாந்தில் தலைகாட்டியதும் தாங்கள் அறிந்த சரித்திரம். அதை விரிக்கப் போவதில்லை.

இலையையோ பட்டையையோ நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, திரவம் ஆவியானபின் எஞ்சும் பிசினொத்த சத்தைச் சேகரித்து, முல்லர்-ஹின்டன் அகார் உறைந்த தட்டின்மீது கிருமிகளைப் பஞ்சுக்குச்சியால் சீராகத் தடவி, அதில் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள குழியைத் துளைத்துச் சத்தை இட்டு, ஓரிரவு 37 டிகிரி வெப்பத்தில் வைத்திருந்து, மறுநாள் குழியைச் சுற்றித் தெளிந்து நிற்கும் வட்டத்தின் விட்டத்தை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்வதே நம் வழக்கமான பரிசோதனை. அவ்வட்டம் சத்தின் வீரியத்தை மட்டும் சொல்வதன்று. அது அகாருக்குள் எவ்வளவு தூரம் பரவ வல்லது என்பதையும் சேர்த்தே சொல்லுகிறது. நீர் நிறைந்த அகாரில் பரவ மாட்டாத எண்ணெய்ப் பசையுள்ள பொருள், வீரியம் மிக்கதாயினும் சிறு வட்டமே காட்டும். சத்தைக் கரைத்த திரவத்தைத் தனியே இன்னொரு குழியில் இட்டு ஒப்பிடாதவர், கிருமியைக் கொன்றது மூலிகையா கரைப்பானா என்று எங்ஙனம் துணிவார்?

ஆதலின், கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைத் திரவத்தில் வைத்துக் காண்பதே மேல். அங்கும் நிறமுள்ள சத்து, கிருமி பெருகியதால் உண்டாகும் கலங்கலை மறைத்துவிடுமாகையால், ரெசசூரின் என்னும் நீலச்சாயத்தை இட்டு, அது இளஞ்சிவப்பாக மாறினால் கிருமி உயிரோடிருக்கிறது என்று கொள்வர். இப்படிக் கண்ட செறிவு, சத்துக்கு மில்லிகிராம் கணக்கிலும் நல்ல மருந்துக்கு மைக்ரோகிராம் கணக்கிலும் வருமாயின், இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருப்பதை மறந்து மகிழ்வது பேதைமை.

ஆயினும் பலவீனமாகத் தோன்றும் சத்தெல்லாம் பயனற்றதன்று. மரமஞ்சளுக்கு மஞ்சள் நிறம் தரும் பெர்பரின், ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸின் உள்ளே புகுந்தும் வேலை செய்ய மாட்டாமல் போவதற்கு, நோர்-ஏ என்னும் புரதம் அதை வாசலிலேயே பிடித்து வெளியே இறைத்துவிடுவது பெருங்காரணம். பெர்பரினை உண்டாக்கும் அமெரிக்க பெர்பெரிஸ் செடிகளில், தானாக எந்தக் கிருமியையும் கொல்லாத மெத்தாக்சிஹைட்னோகார்பின் என்ற பொருளொன்று அவ்விறைப்பை அடைத்துவிடுவதையும், அதன் துணையால் பெர்பரின் பன்மடங்கு வலிமை பெறுவதையும் பிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் முதலியோர் 2000-இல் நிறுவினர். கொல்லும் பொருளை மட்டும் தேடி வட்டம் அளக்கும் முறையில், இத்துணைப்பொருள் பூஜ்யம் என்றே பதிவாகியிருக்கும்! நம் மேற்குத்தொடர்ச்சி மலை மரமஞ்சளோ பெர்பெரிஸினத்தைச் சேர்ந்ததன்று, வேறு குடும்பத்துக் கொடி; அதிலும் இத்தகைய துணைவன் உண்டென்று ஆராயாமலே சொல்லிவிடலாகாது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வட்டம் காட்டாத சத்துக்களை எறிந்துவிடாதீர்கள். 96 குழிகள் கொண்ட தட்டில் ஒரு திசையில் சத்தையும் மறு திசையில் வீரியம் குன்றிய மருந்தையும் படிப்படியாகக் குறைத்து, சதுரங்கப் பலகைபோல் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு விகிதமாகச் சேர்த்துப் பாருங்கள். சேர்க்கையில் ஒவ்வொன்றுக்கும் தேவைப்பட்ட செறிவைத் தனித்தபோது தேவைப்பட்ட செறிவால் வகுத்துக் கூட்டிய தொகை 0.5-க்கு மேற்படாவிடில், அங்கே கூட்டுவலிமை உண்டென்பது இத்துறையார் வழக்கு. அப்படியொன்று கிடைத்தால், அது மனித உயிரணுக்களுக்குத் தீங்கு செய்கிறதா என்பதை, கட்டுரை எழுத உட்காருமுன் பார்த்துவிடுங்கள்.