களிமண் கொல்லையிலும் காய்கறி விளையும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பாகப் பேசியது)



"எங்க கொல்லையில வெறும் களிமண்ணு, எதை வச்சாலும் அழுகிப்போகுது" என்று நம்ம டெல்டா பக்கம் எல்லோரும் சொல்கிறோம். நாங்களும் பட்டோம். போன வருஷம் ஐப்பசி மழை விட்ட மறுநாளே ஈரத்தோடு கொத்தி, கத்தரி நாற்று நட்டோம். இளகட்டும் என்று கொஞ்சம் மணலும் போட்டோம். காய்ந்ததும் மண் செங்கல்லாக இறுகியது. அடுத்த மழையில் தண்ணீர் நின்று வேர் அழுகியது. குழுக் கடன்தான் மிச்சம்.

இந்தத் தை மாதம் பதம் பார்த்தோம். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து அழுத்தினால் உதிரணும். பிசுபிசுன்னு ஒட்டினால் மண்வெட்டியைத் தொடக்கூடாது. உதிர்ந்த பிறகு ஒரு அடி ஆழம் கொத்தி, நன்றாக மக்கிய தொழுஉரத்தை நாலு விரல் கனத்துக்குப் பரப்பிக் கலந்தோம். முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, சுற்றிலும் வடிகால் எடுத்தோம். பாத்தி அகலம் மூன்றடிதான். மிதிக்காமல் வெளியில் நின்றே களை எடுக்கலாம். மேலே வைக்கோல் மூடாக்கு.

இப்போ கத்தரியும் வெண்டையும் வீட்டுக்குப் போக விற்கவும் கிடைக்குது. இரண்டு தவணை கட்டிவிட்டோம்.

களிமண் சத்தைப் பிடித்து வைக்கிற மண். அதற்குக் காற்றும் வடிகாலும்தான் குறை. முதலில் ஒரே ஒரு பாத்தி போட்டுப் பாருங்கள். வருஷா வருஷம் உரம் சேரச் சேர மண் பொலபொலப்பாகும்.