அந்த 'டக் டக்' சத்தம்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த வாரம் ஏ.பி.ஐ., டெப்ளாய்மென்ட் எதுவும் கிடையாது. நான் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியாது. எனக்கே அடிக்கடி மறந்துடும். நாலு வருஷம் படிச்சேன், கேம்பஸுக்கு ஒரு ஐ.டி. கம்பெனி வந்துச்சு, மீதிக் கதை உங்களுக்கே தெரியும். அந்த டிகிரி போன மே மாசம் கொல்லிமலையில என் மானத்தை வாங்கிடுச்சு.

என்கிட்ட ஒரு செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக் இருக்கு. எட்டு வருஷம் பழசு. ஜனவரியிலிருந்தே யூ டர்ன் அடிக்கும்போது முன் சக்கரத்துப் பக்கம் 'டக் டக் டக்'னு ஒரு சத்தம். நேரா போனா சத்தம் இல்ல. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா மட்டும்தான். லாக்ல வார்னிங் வந்துட்டே இருக்கும், எர்ரர் வரலியேன்னு விட்டுடுவோம்ல, அதே மாதிரி விட்டுட்டேன். ஊருக்குப் போனப்ப அப்பா கேட்டார், "என்னடா அது சத்தம்?" நான், "டயர்ல கல்லு மாட்டியிருக்கும்ப்பா"ன்னேன். அப்பா இருபத்தஞ்சு வருஷம் நாமக்கல்ல லாரி ஓட்டினவர். என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

அடுத்த நாள் அம்மாவுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகணும். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவு. கிளம்பிட்டோம்.

கதையை இங்கே நிறுத்திட்டு, அந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு பார்த்துடலாம். இன்ஜின் சுத்துது. அது கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் வழியா வந்து, அங்கிருந்து ரெண்டு பக்கமும் ரெண்டு இரும்புத் தண்டு மூலமா முன் சக்கரங்களுக்குப் போகுது. அந்தத் தண்டுதான் டிரைவ்ஷாஃப்ட். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். ஆனா அது தாங்குற முறுக்கு இருக்கே! சின்ன பெட்ரோல் இன்ஜின் 110 நியூட்டன் மீட்டர் கொடுக்குதுன்னு வைங்க. முதல் கியர்ல அது ஏறக்குறைய 15 மடங்காகுது. ரெண்டு பக்கமும் பிரிஞ்சா ஒரு தண்டுக்கு 800க்கு மேல. 80 கிலோ ஆள் ஒருத்தர் 1 மீட்டர் நீள ஸ்பேனரோட முனையில ஏறி நின்னா வர்ற முறுக்கு அது.

இதுல சிக்கல் என்னன்னா, கியர்பாக்ஸ் வண்டியோட உடம்புல உட்கார்ந்திருக்கு. சக்கரம் பள்ளம் மேடுல ஏறி இறங்குது. முன் சக்கரம் அதோட சேர்த்து இடது வலதாவும் திரும்புது. நேரான கம்பியை வச்சு ரெண்டையும் இணைச்சா முதல் ஸ்பீடு பிரேக்கர்லயே எதாவது ஒண்ணு உடையும். அதனால தண்டு நடுவுல வளையணும், ஆனா சுத்துறது நிக்கக்கூடாது.

இதுக்குப் பழைய பதில் யுனிவர்சல் ஜாயிண்ட். லாரிக்குக் கீழே குனிஞ்சு பார்த்தா நீளமான ஷாஃப்ட்டோட முனையில கூட்டல் குறி மாதிரி ஒண்ணு இருக்கும். மெக்கானிக்குங்க 'கிராஸ்'னு சொல்வாங்க. 16ஆம் நூற்றாண்டு கார்டானோ பேர்லயும், 17ஆம் நூற்றாண்டு ராபர்ட் ஹூக் பேர்லயும் இதைக் கூப்பிடுறாங்க. ஆமா, ஸ்பிரிங் விதி சொன்ன அதே ஹூக்தான்.

கிராஸ் ரொம்பப் பலசாலி. ஆனா ஒரு கோளாறு இருக்கு. கோணம் வந்துட்டா, உள்ளே சீரா சுத்தினாலும் வெளியே சீரா சுத்தாது. 30 டிகிரி மடக்கி, உள்ளே நிமிஷத்துக்கு 1000 சுத்து கொடுத்தா, வெளியே 866க்கும் 1155க்கும் நடுவுல ஏறி இறங்கிட்டே இருக்கும். அதுவும் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை. சராசரி 1000தான், ஆனா வண்டி சராசரியில ஓடறதில்லையே. லாரியில கோணம் சின்னது, அதோட முனைக்கு ஒண்ணா ரெண்டு கிராஸ் இருக்கும். முதல் கிராஸ் பண்ற தப்பை ரெண்டாவது கிராஸ் நேர் எதிராப் பண்ணிச் சரிக்கட்டிடும். அதுக்கு ரெண்டையும் ஒரே வாட்டத்துல மாட்டியிருக்கணும். இதை நான் காலேஜ்ல காஸ் தீட்டா போட்டு ஒரு பக்கம் டிரைவ் பண்ணி 16 மார்க் வாங்கினேன். அப்பாகிட்ட சொன்னப்ப, "ஷாஃப்ட்டுல அம்புக்குறி மார்க் இருக்கும்டா, அதைப் பார்த்து மாட்டலைன்னா வண்டி உதறும்"னார். அந்த மார்க்கை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல.

கார் முன் சக்கரத்துக்கு இது ஒத்து வராது. ஸ்டீயரிங்கை ஒடிச்சா கோணம் 40 டிகிரிக்கு மேலயும் போகும், கையில உதறல் தெரியும். இங்கேதான் சி.வி. ஜாயிண்ட் வருது, அதாவது வேகம் மாறாத மூட்டு. 1920கள்ல ஃபோர்டுல வேலை பார்த்த ஆல்ஃபிரட் ர்செப்பாவோட டிசைன்தான் இன்னிக்கும் பெரும்பாலான கார்ல வெளிப்பக்க ஜாயிண்ட். (அவர் பேரை உச்சரிக்க எங்க வகுப்புல யாருக்கும் வரல, சாருக்கும் வரல.) உள்ளே ஒரு உருண்டை, வெளியே ஒரு கிண்ணம். ரெண்டுலயும் வளைஞ்ச தடங்கள், அதுல ஆறு எஃகுக் குண்டுகள், குண்டுகளைப் பிடிச்சு வைக்க ஒரு கூண்டு. தண்டு எந்தக் கோணத்துல மடங்கினாலும், ஆறு குண்டும் அந்தக் கோணத்தைச் சரிபாதியா வெட்டுற தளத்துலயே நிக்கும். அந்தத் தளத்துல ஒரு கண்ணாடி வச்ச மாதிரி யோசிங்க. இந்தப் பக்கத் தண்டும் அந்தப் பக்கத் தண்டும் ஒண்ணுக்கொண்ணு பிம்பம். பிம்பம் எப்படி முந்தவோ பிந்தவோ முடியும்? அதனால வேகம் மாறாது. இதை முதல்ல புரிஞ்சுக்கிட்டப்ப எனக்கு ராத்திரி தூக்கம் வரல, நிஜமா.

கியர்பாக்ஸ் பக்கம் வேற மாதிரி ஒரு ஜாயிண்ட். சக்கரம் ஏறி இறங்கும்போது தண்டு கொஞ்சம் நீளணும், சுருங்கணும், அந்த வேலையை அது பார்த்துக்கும். 1959ல பிரிட்டன்ல வந்த மினி இந்த அமைப்பைச் சின்ன கார்ல நிலைநிறுத்துச்சு. 1983ல வந்த மாருதி 800லயும் முன் சக்கர இழுவைதான்.

இவ்வளவு அருமையான சாமானைக் காப்பாத்துறது என்ன தெரியுமா? மடிப்பு மடிப்பா இருக்கிற ஒரு ரப்பர் உறை. பூட்னு சொல்வாங்க. உள்ளே கறுப்பு கிரீஸ். பூட் கிழிஞ்சா, சுத்துற வேகத்துல கிரீஸ் வெளியே தெறிச்சு வீல் உள்பக்கமெல்லாம் அப்பிக்கும். அந்த வழியாவே மண்ணும் தண்ணியும் உள்ளே போகும். நான் குடியிருக்கிறது வேளச்சேரி. டிசம்பர்ல என் தெருவுல தண்ணி எவ்வளவு நின்னுச்சுன்னு சொல்லவே வேண்டாம். தடம் தேய்ஞ்சு குழி விழுந்ததும், முழுசா ஒடிக்கிறப்ப குண்டு குழியில விழுந்து எழுந்திருக்கும். அதுதான் 'டக் டக்'.

இப்போ மலைக்குப் போவோம். கொண்டை ஊசி வளைவுன்னா வெளி ஜாயிண்ட்டுக்குக் கோணமும் உச்சம், முதல் கியர்ல முறுக்கும் உச்சம். 43ஆவது வளைவுல 'டங்'னு ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா இன்ஜின் கத்துது, வண்டி நகரல. பின்னாடி உருள ஆரம்பிச்சுது. பிரேக்கை மிதிச்சேன், நின்னுச்சு. அம்மா பின் சீட்டுல, "என்ன கண்ணு ஆச்சு?"ங்கிறாங்க. பின்னால ஒரு மினி பஸ் வேற.

என் பழக்கம் என்னன்னா, அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ஹேண்ட் பிரேக் போடவே மாட்டேன், முதல் கியர்ல விட்டுட்டுப் போயிடுவேன். அங்கேயும் அதைத்தான் பண்ணேன். முதல் கியர், இன்ஜின் ஆஃப். பிரேக்ல இருந்து காலை எடுக்கப் போறேன்.

"காலை எடுக்காதடா! ஹேண்ட் பிரேக் போடு!"

அப்பா கத்தினதை நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும் அவர் இறங்கி, பின் சக்கரம் ரெண்டுக்கும் கீழே கல்லு வச்சார். அதுக்கப்புறம்தான், "இப்ப எடு"ன்னார்.

கியர் ஏன் அங்கே காப்பாத்தியிருக்காது? கியர்ல விட்டா இன்ஜின் சக்கரத்தைப் பிடிச்சுக்கும்னு நம்புறோம். பிடிக்கிற கை இந்த டிரைவ்ஷாஃப்ட்தான். ஒரு பக்கம் ஜாயிண்ட் உடைஞ்சா, டிஃபரன்ஷியல் அந்த உடைஞ்ச பக்கத்தைச் சும்மா சுத்த விட்டுட்டு, நல்ல சக்கரத்தையும் உருள விட்டுடும். கியர்பாக்ஸ் பிடிச்சிருக்கும், வண்டி போயிட்டே இருக்கும். ஆட்டோமேட்டிக்ல 'பார்க்'லயும் இதே கதைதான். கால் பிரேக் நேரா சக்கரத்துல பிடிக்குது, ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்துல பிடிக்குது. ரெண்டுக்கும் இந்தத் தண்டு தேவையில்ல. இதுக்குத் தேவையான ஒவ்வொரு துண்டையும் நான் பரீட்சைக்குப் படிச்சிருக்கேன். அந்த மூணு செகண்ட்ல ஒண்ணுகூட ஞாபகம் வரல.

சேந்தமங்கலத்திலிருந்து மெக்கானிக் வந்தார். கழட்டினா கூண்டு ரெண்டா உடைஞ்சிருக்கு. "பூட் கிழிஞ்சு எத்தனை மாசம் தம்பி ஆகுது?"ன்னு கேட்டார். நான் பதில் சொல்லல, அப்பாவும் அந்தக் கல்லு கதையைச் சொல்லல. ஆரம்பத்துலயே பார்த்திருந்தா சில நூறு ரூபாய் பூட், கொஞ்சம் கிரீஸ், கழட்டி மாட்டுற கூலி, அதோட முடிஞ்சிருக்கும்.

நீங்களும் பார்க்கலாம். காலி மைதானத்துல ஜன்னலை இறக்கிட்டு, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா வட்டம் அடிங்க. இடது பக்கம் ஒடிக்கிறப்ப சத்தம் வந்தா பொதுவா வலது ஜாயிண்ட்டைத்தான் முதல்ல சந்தேகப்படுவாங்க. நேரா போய் வேகம் எடுக்கிறப்ப வண்டி அதிர்ந்தா உள்பக்க ஜாயிண்ட்டாவும் இருக்கலாம். சத்தமே வரலைன்னாலும் வீலுக்கு உள்ளே கறுப்பு கிரீஸ் தெறிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. சத்தம் வர்றதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே அது தெரியும்.

உடைஞ்ச ஜாயிண்ட்டை வாங்கிட்டு வந்து என் டெஸ்க்ல வச்சிருக்கேன். நேத்து அப்பா போன் பண்ணார். சாப்பிட்டியான்னு கேட்டுட்டு, "அந்தப் பக்கத்து பூட்டைப் பார்த்தியா?"ன்னார்.

பார்க்கல. மைக்கை ஆஃப் பண்ணிட்டு இப்போ டார்ச்சோட கீழே போறேன். அடுத்த வாரம் பேசலாம்.