டிராயிங்கில் இல்லாத பெயர்

(பொறியியல் மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இட ஒதுக்கீடும் தகுதியும் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஒரு தகட்டுத் துண்டைப் பற்றிப் பேசப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், விஷயத்துக்கு வந்துவிடுவேன்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஷீட் மெட்டல் கம்பெனிக்கு ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் போனேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். அரக்கோணம் பக்கத்திலிருந்து தினமும் மின்சார ரயில். மாடியில் ஏசி போட்ட டிசைன் அறை, கீழே மெஷின்கள். முதல் நாள் மாடியில் என்னிடம் கேட்ட கேள்வி சாலிட்வொர்க்ஸ் தெரியுமா என்பதல்ல. "எந்த ஊரும்மா? அப்பா என்ன பண்றார்?" செங்கல் சூளையில் வேலை என்றேன். "ஓ" என்றார்கள். அந்த 'ஓ' உங்களில் பலருக்குப் பழக்கமானதுதான்.

எனக்குக் கொடுத்த வேலை, ஒரு கன்ட்ரோலர் பெட்டியைத் தாங்கும் மவுண்டிங் பிராக்கெட். 2 மில்லி சிஆர்சிஏ தகடு, நான்கு வளைவு, போல்ட் போட நான்கு துளை. மூன்று நாளில் வரைந்துவிட்டேன். திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் அவ்வளவு அழகு. டிராயிங் கீழே போன அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. ஓரத்தில் மடிப்புக்கு நான் கொடுத்திருந்த அகலம் 8 மில்லி. அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம்.

அறையில் ஒருவர் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கோட்டாவுல வர்றவங்களுக்கு பேசிக்ஸ் வீக்."

என் மார்க்கும் அவருக்குத் தெரியாது, நான் எப்படி சீட் வாங்கினேன் என்பதும் தெரியாது. நான் ஒன்றும் பேசவில்லை. கீழே போனேன்.

பெண்டிங் மெஷினில் இருந்த அண்ணன் ஐடிஐ ஃபிட்டர். பதினான்கு வருட அனுபவம், இன்னமும் கான்ட்ராக்ட். அவர் என்னைத் திட்டவில்லை, ஒரு தகட்டுத் துண்டை எடுத்து டைமேல் வைத்தார். "பாரும்மா, இது உக்காராது. பள்ளத்துல விழுந்துடும்." 2 மில்லி தகட்டுக்கு வி-டையின் வாய் தடிமனைப்போல எட்டு மடங்கு, 16 மில்லி இருக்கும். பஞ்ச் இறங்கி வளைத்து முடிக்கும்வரை தகடு டையின் இரண்டு தோளிலும் தாங்கி நிற்க வேண்டும். அதற்கு மடிப்பு குறைந்தது 11, 12 மில்லியாவது வேண்டும். கம்ப்யூட்டரில் 8 மில்லியும் வளையும், 3 மில்லியும் வளையும். திரைக்குத் தோள் கிடையாது.

அடுத்த வாரம், டீ நேரத்தில், மெதுவாகக் கேட்டார். "ஊரா, காலனியா?"

காலனி என்றேன்.

"நானுந்தான். இங்க யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லிக்காத."

அதற்குப் பிறகுதான் அந்த நோட்டைக் காட்டினார். எண்ணெய் படிந்த நாற்பது பக்க நோட்டு. தகட்டை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் நெருங்கும். அதனால் வெளி அளவுகளைக் கூட்டி, வளைவுக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் தகட்டை வெட்ட வேண்டும். நான் 2 மில்லி உள் ஆரமும், கே ஃபேக்டர் 0.44-ம் போட்டிருந்தேன். அதற்கு சாஃப்ட்வேர் ஒரு வளைவுக்குக் கழித்தது 3.48. அவர் நோட்டில் 16 டைக்கு 3.7. நாம் டைப் செய்கிற ஆரம் அந்த மெஷினில் வராது, டையின் வாய் எவ்வளவோ அதற்கேற்ற ஆரம்தான் வரும். வித்தியாசம் கால் மில்லிகூட இல்லையே என்று நினைப்பீர்கள். நான்கு வளைவுக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லி. அது எங்கேயாவது போய் உட்காரத்தான் செய்யும், பெரும்பாலும் போல்ட் துளையில் உட்காரும். டைக்கு டை, தகட்டுக்குத் தகடு, பதினான்கு வருடம் வளைத்து, அளந்து, எழுதிய எண்கள் அவை.

இந்த இடத்தை நான் வேகமாகக் கடந்துவிட ஆசைப்படுகிறேன், ஆனால் கூடாது. நோட்டைப் பற்றி மாடியில் வாய்விட்டுவிட்டேன். சார், "போட்டோ எடுத்து பெண்ட் டேபிளா ஏத்திடும்மா" என்றார். அண்ணனிடம் கேட்டேன். "உனக்கு நல்லது நடக்கும்னா எடுத்துக்கோ" என்றார். எடுத்தேன். தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். கடைசி வாரம் அதைக் காட்டித்தான் பாராட்டினார்கள். பேசிக்ஸ் வீக் என்றவரும் கை தட்டினார். பழைய ரிவிஷன் கோப்புகளைத் திறந்தபோது, அவரும் ஒருமுறை 9 மில்லி மடிப்பு கொடுத்துத் திருத்தியிருப்பதைப் பார்த்தேன். அவருக்கு அது தவறு, எனக்கு அது சாதி.

1936-இல் வந்த 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்று அம்பேத்கர் வாதிடுகிறார். கல்லூரியில் அதைப் படித்தபோது ஒத்துக்கொண்டேன். அந்த மாடிப்படியில் ஏறி இறங்கியபோதுதான் புரிந்தது, அடுக்கில் நானும் ஒரு படி ஏறியிருக்கிறேன், அதுவும் அவர் நோட்டின்மேல் கால் வைத்து.

டிராயிங்கின் டைட்டில் பிளாக்கில் மூன்று கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர். கடைசி நாள், குறிப்புக் கட்டத்தில் 'மடிப்பு அளவு திருத்தம்' என்று எழுதி அண்ணன் பெயரைப் போட்டேன். சார் அழித்தார். "ஆபரேட்டர் பேரெல்லாம் டிராயிங்ல வராதும்மா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஸ்பெல்லிங் திருத்துவதுபோலச் சொன்னார். கீழே போய் அண்ணனிடம் விடைபெற்றபோது, "நோட்டு கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சா?" என்று கேட்டார். ஏறிடுச்சுண்ணா என்றேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. அவர் பெயரை இங்கேயும் சொல்ல முடியாது. சொல்லிக்காதே என்று அவர் சொன்னது அப்படியே நிற்கிறது.

இப்போது வேறு கம்பெனியில் டிசைனராக இருக்கிறேன். கீழே இருக்கிறவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு, ரிவிஷன் கட்டத்தில் யார் சொல்லித் திருத்தினேன் என்று எழுதி அனுப்புகிறேன். மூன்று முறை அழித்துவிட்டார்கள். நான்காவது முறை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பிராக்கெட் இப்போதும் உற்பத்தியில் இருக்கிறது, டிராயிங்கில் வெல்டிங் செய்கிற ஒரு அக்காவின் பெயரோடு.