கடைக் கணக்கும் நம் கதியும்
(கோரிப்பாளையம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரேஷன் கடையில் கார்டை நீட்டி, விரலை வைத்து அரிசி வாங்குகிறோம். நம் பெயர், ஆதார் நம்பர், போன் நம்பர், பிள்ளைகுட்டிகளின் விவரம் எல்லாம் அந்தக் கார்டோடு சேர்ந்து கிடக்கின்றன. 2021 ஜூன் கடைசியில், தமிழ்நாட்டு ரேஷன் விவரங்கள் என்று சுமார் 50 லட்சம் பேரின் தகவல்கள் திருடர் சந்தையில் கிடந்ததை டெக்னிசாங்க்ட் என்ற நிறுவனம் வெளிப்படுத்தியது. அரிசிக்குப் போனவன் விலாசத்தைப் பறிகொடுத்து வந்தான்!

இது திருட்டு. இதற்கும் மேலே ஒரு கொள்ளை நடக்கிறது, ரான்சம்வேர் என்கிறார்கள். கீழமாசி வீதியில் ஒரு பலசரக்குக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்று நோட்டு போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒருநாள் காலையில் கணக்கு திறக்கவில்லை. 'பணம் கொடு, திறக்கிறோம்' என்று திரையில் ஒரு கடிதம். 'வேறு பிரதி இருக்கிறது, போடா' என்று கடைக்காரர் துணிந்தால், 'உன் வாடிக்கைக்காரர் விவரத்தை ஊரெல்லாம் விற்போம்' என்று அடுத்த மிரட்டல். பூட்டுவதற்கு முன்பே அள்ளிவிடுகிறார்கள். அந்த வாடிக்கைக்காரர் யார்? சம்பளம் வரும்வரை பற்று வைக்கிற நாம்தான்! நம் போன் நம்பரும் பாக்கித் தொகையும் தெரிந்த ஒருவன் கடைப் பெயரைச் சொல்லிப் பேசினால் நம்மில் யார் சந்தேகப்படுவோம்?

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. 2021 ஜூலையில் ஸ்வீடன் தேசத்தில் கூப் என்ற கூட்டுறவுக் கடைகள் சுமார் 800; பில் இயந்திரம் ஓடாமல் பெரும்பாலானவற்றை மூடினார்கள். ஓட்டை கடையில் இல்லை. கடைக்குக் கருவி கொடுத்தவனுக்குக் கருவி கொடுத்த கசேயா என்ற அமெரிக்கக் கம்பெனியில் இருந்தது. நம் நாட்டிலும் 2024 ஜூலை கடைசியில் சி-எட்ஜ் கம்பெனி தாக்கப்பட்டு, சுமார் 300 கூட்டுறவு, கிராமிய வங்கிகளின் பணப் பட்டுவாடா தடைப்பட்டது. ஆகஸ்ட் 1-ல்தான் சரியாயிற்று. சி-எட்ஜ் யாருடையது? ஸ்டேட் வங்கியும் டாட்டா கம்பெனியும் கூட்டாக நடத்துவது!

2023-ம் வருஷச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். விவரம் பறிகொடுத்தவனுக்கு அதில் காலணா இல்லை. பழைய சட்டத்தில் நஷ்டஈடு கேட்க இருந்த 43ஏ பிரிவையும் எடுத்துவிட இதே சட்டம் வழி செய்கிறது. நம் கோரிக்கை இங்கேதான்: பறிகொடுத்தவனுக்கு நஷ்டஈடு வேண்டும்!

அதுவரை, பில்லுக்குப் போன் நம்பர் எதற்கு என்று கடையில் கேளுங்கள். கணக்கை வாரம் ஒருமுறை தனியே பிரதி எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைக்கும்படி தெரிந்த கடைக்காரரிடம் சொல்லுங்கள். யாராவது ஏமாற்றிப் பணம் பறித்தால் அந்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்யுங்கள். அந்த நம்பரை ரேஷன் கடைச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் சரிதான்.