வயலின் ஓரத்தை விட்டு வைப்போம்

(எமது சபையின் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



"மனச்சாட்சியோடு தொழில் செய்வது" என்ற தலைப்பில் பேசும்படி விழாக் குழுவினர் என்னைக் கேட்டார்கள். கடை வைத்திருக்கும் அண்ணாமார் இத்தனை பேர் இருக்க, ஒரு தாதியை ஏன் கேட்கிறீர்கள் என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒரு தொழில் நேர்மையாக நடக்கிறதா என்பது கணக்காளருக்குத் தெரியும் முன்பே, அங்கு வேலை செய்பவரின் முதுகிலும் முழங்காலிலும் தெரிந்துவிடும். அதைப் பார்ப்பது எங்கள் வேலைதானே.

ரூத்தின் கதை ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். கணவனை இழந்து, மாமியோடு வந்து சேர்ந்த வேற்று நாட்டுப் பெண். போவாஸ் வயலின் சொந்தக்காரர். வயலின் ஓரத்தை முழுதாக அறுக்காமல், சிந்திய கதிர்களைப் பொறுக்காமல், ஏழைகளுக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளை. போவாஸ் அதற்கும் மேலே போனார். வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்தவிடுங்கள், அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று வேலையாட்களுக்குச் சொல்லி வைத்தார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முழுவதையும் அறுத்து, விற்று, லாபத்தில் கொஞ்சம் காணிக்கை கொடு என்று அந்தக் கட்டளை சொல்லவில்லை. அறுக்கும்போதே விட்டு வை என்கிறது. நான் இன்று சொல்ல வந்ததும் அதுதான். மற்றவர் மேலுள்ள கரிசனை, தொழிலை நடத்தும் முறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நாம் வாழும் இக்காஸ்ட், ஆடைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பின்னாளில் தையல் வேலையின் பெரும்பகுதி கூலி குறைந்த நாடுகளுக்குப் போய்விட்டது. அப்படிப்பட்ட ஒரு நாடான பங்களாதேசத்தில், 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புகள் தெரிந்தன. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியை மூடினார்கள். மேலே ஆடை தைத்தவர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். அந்த வயலில் ஓரம் விடப்படவில்லை. பிள்ளைகளே, மிக மலிவான ஒரு சட்டையைக் கையில் எடுக்கும்போது, விலையின் மிச்சத்தை யார் கொடுத்தார்கள் என்று ஒரு தரம் நினைத்துப் பாருங்கள்.

அப்படியென்றால் நேர்மையாகத் தொழில் செய்து நிலைக்க முடியாதா? முடியும். நான் தாதிப் படிப்பைத் தமிழ்நாட்டில் படித்த நாட்களில் அடிக்கடி கேள்விப்பட்ட ஒரு பெயரைச் சொல்கிறேன்: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை.

அதைத் தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918இல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடு கண் சத்திரசிகிச்சையைக் கற்றுக்கொண்டார். 1976இல், அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 58 வயதில், ஒரு வீட்டில் 11 கட்டில்களோடு மருத்துவமனையை ஆரம்பித்தார். பணம் போதாமல் வீட்டையும் நகைகளையும் அடகு வைத்தார்கள்.

அங்கே நோயாளியிடம் வருமானச் சான்று கேட்பதில்லை. கட்டணப் பகுதிக்குப் போவதா, இலவசப் பகுதிக்குப் போவதா என்பதை அவரே தீர்மானிக்கலாம். பணம் கட்டுபவருக்குத் தனி அறை கிடைக்கும், இலவசமாக வருபவருக்குப் பாய் கிடைக்கும். ஆனால் இரண்டு பேருக்கும் சிகிச்சை செய்வது அதே வைத்தியர்கள். பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் மற்றவர்களின் செலவும் அடங்கிவிடுகிறது. அதற்கு ஏற்றபடி வேலையை ஒழுங்கு செய்திருக்கிறார்கள். சத்திரசிகிச்சை அறையில் கட்டில்கள் அருகருகே இருக்கும். ஒருவருக்கு முடிந்ததும் வைத்தியர் அடுத்த கட்டிலுக்குத் திரும்புவார். அங்கே எல்லாம் தயாராக இருக்கும். தயார் செய்பவர்கள் கிராமங்களிலிருந்து தெரிவு செய்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து, வேலைக்கு அமர்த்திய இளம் பெண்கள். ஒரு தாதியாக எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெரிய டாக்டரின் பெயர் உலகத்துக்குத் தெரிகிறது. அந்தப் பிள்ளைகளின் கைகள் இல்லாவிட்டால் ஒரு நாள்கூட அந்த மருத்துவமனை நடக்காது.

வெண்புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் வில்லை, அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஏழைகளுக்கு அது எட்டாத விலை. அவர்களுக்குக் கிடைத்தது தடித்த கண்ணாடி மட்டும். 1992இல் அரவிந்த் குழுவினர் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, அந்த வில்லையைத் தாங்களே செய்து பல மடங்கு குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். இன்று அது பல நாடுகளுக்குப் போகிறது.

டாக்டர் வெங்கடசாமி நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. நல்ல சமாரியனின் கதையைச் சொன்ன ஆண்டவர், நன்மையை எங்கே கண்டாலும் கற்றுக்கொள்ளத்தான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்.

இந்த நாட்டிலும் கற்றுக்கொள்ள உண்டு. 1882இல் மேற்கு யூலாந்தில் ஹியெடிங் என்ற சிற்றூரில் விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவுப் பால்பண்ணை அமைத்தார்கள். டென்மார்க் முழுவதும் அது பரவியது. எத்தனை மாடு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது அந்த இயக்கத்தின் அடையாளமாயிற்று.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கடை, உணவகம், துப்புரவு வேலை, விழாச் சமையல் என்று நம்மவர்கள் உழைத்து முன்னேறியிருக்கிறார்கள். கடவுளுக்கு நன்றி. ஆனால் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பியை, "நம்ம பிள்ளைதானே" என்று சொல்லி, கறுப்பில் வேலைக்கு வைத்துக்கொள்வதும் நடக்கிறது. கையில் கொஞ்சம் காசு கிடைக்கும். விடுமுறைப் பணம் இல்லை, ஓய்வூதியச் சேமிப்பு இல்லை. அடிபட்டால், வேலையில் அடிபட்டேன் என்று சொல்லக்கூட அவனுக்குப் பயம். உதவி செய்தோம் என்று நாம் நினைக்கிறோம். அவனோ அறுபது வயதில் வெறுங்கையோடு நிற்பான். பிடித்து வைத்த கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் என்று யாக்கோபு தன் நிருபத்தில் எச்சரித்தது, காணிக்கை கொடுக்காதவர்களைப் பார்த்து அல்ல.

நேர்மையாகச் சம்பளம் கொடுத்தால் லாபம் குறையும், அது உண்மை. சில மாதம் முதலாளிக்கே ஒன்றும் மிஞ்சாது. அந்தக் கஷ்டத்தை நான் சிறிதாகச் சொல்லவில்லை. போவாஸின் களஞ்சியத்திலும் அந்த வருடம் சில கதிர்க்கட்டுகள் குறைந்துதான் இருக்கும்.

பிள்ளைகளே, நீங்கள் நாளைக்குத் தொழில் தொடங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வேலையை என் சொந்தத் தங்கை இதே சம்பளத்துக்குச் செய்ய நான் சம்மதிப்பேனா? என் கணக்குப் புத்தகத்தை இந்தச் சபை முன்னால் திறந்து வைப்பேனா? பணமில்லாத ஒருவர் வந்தால், அவருக்கும் என் தொழிலில் ஓர் இடம் இருக்கிறதா?

கடை வைத்திருக்கும் அண்ணாமாரே, அக்காமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பேச்சுச் சம்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் உங்களிடம் இருந்தால், இந்த மாதமே அவருக்கு ஒரு வேலை ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள். இந்த ஆண்டு விழாவுக்கு நாம் கொடுக்கும் நல்ல காணிக்கை அதுவாக இருக்கட்டும்.

கர்த்தர் உங்கள் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக.