கோல்களைப் பெருக்க விதிகளை மாற்றலாமா?



பனிக்கட்டித் தளத்தின்மேல் ஆடப்படும் ஹாக்கி ஆட்டம் நமக்கு அயலானது. நம் நாட்டில் லடாக் போன்ற குளிர்மிகுந்த பகுதிகளில் அதனை ஆடுகின்றனர். ஆரியசாலையில் பனிக்கட்டியை நாம் காண்பதெல்லாம் மீன் பெட்டியிலும் சர்பத்துக் கடையிலுந்தான். எனினும், அவ்வாட்டத்தைக் குறித்து வட அமெரிக்காவில் நெடுநாளாக நடந்துவரும் வழக்கொன்று நமக்கு அயலானதன்று. கோல்கள் குறைந்தால் காண்போர் சலிப்புறுவர், ஆதலின் கோல்கள் பெருகும் வண்ணம் விதிகளைத் திருத்த வேண்டும் என்பது ஒரு சாராரின் கட்சி. அரிதாகக் கிடைப்பதனாலேயே கோலுக்கு மதிப்பு, அதனை மலிவாக்கலாகாது என்பது மற்றொரு சாராரின் கட்சி. இதே வழக்கு நம் ஹாக்கி ஆட்டத்திலும் எழுந்ததுண்டு. அதனை இன்று ஆராய்வோம்.

முதற்கண் ஒரு சொல் விளக்கம். ஹாக்கியைத் தமிழில் வளைகோல் பந்தாட்டம் என்கிறோம். ஆடுவோன் கையில் இருப்பதும் கோல். பந்து இலக்கினுள் புகுந்தால் கிடைப்பதும் கோல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது ஓயாத தொல்லை. இவ்வுரையில் கோல் என்று நான் கூறுவது பந்து இலக்கினுள் புகுந்த கணக்கை மட்டுமே.

2016ஆம் ஆண்டு ஹாக்கி இந்தியா லீக் போட்டிகளில் ஒரு புதுமை புகுத்தப்பட்டது. ஓடியாடி, பந்தைக் கைமாற்றி, எதிரணியின் காவலைக் கடந்து அடிக்கும் களக் கோல் ஒவ்வொன்றும் இரண்டு கோல்களாகக் கணக்கிடப்படும். பெனால்டி கார்னர் வாயிலாக அடிக்கும் கோல் ஒன்றாகவே கணக்கிடப்படும் என்று விதித்தனர். அவ்வாண்டு இறுதியாட்டத்தில் பஞ்சாப் அணி கலிங்க அணியை 6-1 என்ற கணக்கில் வென்றது. அந்த 6 என்னும் எண், பந்து ஆறு முறை இலக்கினுள் புகுந்ததைக் குறிப்பதன்று என்பதைக் கேட்பவர் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்விதியை வகுத்தோரின் எண்ணத்தில் நியாயம் இல்லாமலில்லை. பெனால்டி கார்னர் என்பது யாது? தற்காப்பு அணி தன் இலக்கின் முன்னுள்ள அரைவட்டத்திற்குள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது. அப்போது இலக்குக் காவலர் உட்பட ஐவர் மட்டுமே தடுக்க நிற்பர். ஏனையோர் நடுக்கோட்டுக்கு அப்பால் சென்றுவிட வேண்டும். எல்லைக் கோட்டிலிருந்து தள்ளிவிடப்படும் பந்தை வட்டத்திற்கு வெளியே நிறுத்தி, உள்ளே இழுத்து, கோலால் சுழற்றி எறிவதில் தேர்ந்த ஒருவர் இருந்தாற்போதும். ஓர் அணி பல ஆட்டங்களை வென்றுவிடும். இதனால் சில அணிகள் கோல் அடிக்க முயல்வதைவிட, எதிராளியின் காலில் பந்தைப் பட வைத்துப் பெனால்டி கார்னர் பெறுவதிலேயே கருத்தாய் இருக்கின்றன என்ற குறை எழுந்தது. களக் கோலுக்கு இரட்டை மதிப்பளித்தால் முன்னணி வீரர்கள் துணிந்து தாக்குவர் என்று கருதினர்.

ஆயினும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. திருவிதாங்கூரில் நாழியால் அரிசி அளந்த காலத்தைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சாலைக் கம்போளத்து வணிகர் ஒருவர் தம் நாழியைப் பாதியாகக் குறுக்கிவிட்டால் மூட்டையிலிருந்து இருமடங்கு நாழி அரிசி அளக்கலாம். எண்ணிக்கை கூடும், அரிசி ஒரு மணியேனும் கூடாது. ஒரு கோலை இரண்டெனக் கூறுவதும் அத்தகையதே. பலகையில் எண் வளர்கிறது. களத்தில் ஆட்டம் வளர்ந்ததற்கு அதுவே சான்றாகாது.

இதன் விளைவை ஓர் உண்மை ஆட்டத்தில் பொருத்திப் பார்ப்போம். 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸ் ஒலிம்பிக் கால் இறுதியில் இந்தியாவும் பிரிட்டனும் மோதின. 17ஆம் நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். எஞ்சிய நாற்பது நிமிடங்களுக்கு மேலாக இந்தியா பத்துப் பேருடன் ஆடிற்று. ஹர்மன்பிரீத் சிங் பெனால்டி கார்னரில் ஒரு கோல் அடித்தார்; பிரிட்டனின் லீ மார்ட்டன் களக் கோல் ஒன்றினால் அதனைச் சமன் செய்தார். ஆட்டம் 1-1 என முடிய, பின்னர் நடந்த ஷூட்-அவுட்டில் இந்தியா 4-2 என்று வென்றது. 2016இன் லீக் விதி அங்கு நடைமுறையில் இருந்திருப்பின், பலகையில் 2-1 என்று பிரிட்டனின் வெற்றி எழுதப்பட்டிருக்கும். விதி வேறாயின் அணிகளின் ஆட்டமுறையும் வேறாகியிருக்கும் என்பீர்கள், அதுவும் மெய்யே. எனினும், ஓராள் குறைந்த நிலையில் நெடுநேரம் அரண்போல் நின்ற ஓர் அணியின் உழைப்பை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் கேள்வி மறைந்துவிடாது. அன்று இரு தரப்பிலுமாகச் சேர்ந்து இரண்டே கோல்கள். அதனைக் கண்டவர் எவரேனும் சலித்தனரா?

கோல் மிகுந்தால் சுவை மிகும் என்பதும் பழைய வரலாற்றால் உறுதிப்படவில்லை. 1932இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா அமெரிக்காவை 24-1 என்று வென்றது. அது நம் பெருமைக்குரிய சாதனை. ஆனால் ஆட்டம் என்ற வகையில் முடிவு முன்னரே தெரிந்த ஒன்று. 1956, 1960, 1964 ஆகிய மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. மூன்றிலும் முடிவு 1-0. முதலாவதையும் மூன்றாவதையும் நாம் வென்றோம்; நடுவில் உள்ளதை இழந்தோம். அந்த மூன்று கோல்களைப் பற்றி முதியோர் பேசியதுபோல் 1932இன் 24 கோல்களைப் பற்றி யார் பேசினர்?

பிற ஆட்டங்களின் அனுபவமும் இங்குப் பயன்படும். 1925இல் கால்பந்தின் ஆஃப்சைடு விதியைத் தளர்த்தினர். இங்கிலாந்து லீக் போட்டிகளில் ஒரு பருவத்தில் ஏறத்தாழ 4,700 ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் 6,300க்கு மேல் ஏறின. உடனே அணிகள் என் செய்தன? நடு ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாம் காவலராக நிறுத்தின. தற்காப்பு புதுவழி கண்டது. பனிக்கட்டி ஹாக்கியிலும், 2005இல் வட அமெரிக்கத் தேசிய லீக்கினர் ரப்பர் வட்டை நெடுந்தொலைவு அனுப்புவதற்கிருந்த தடையை நீக்கினர். இலக்குக் காவலரின் உறைகளைச் சிறிதாக்கினர். இடையூறு செய்வோரைக் கடுமையாகத் தண்டித்தனர். ஆட்டத்திற்கு 5 என்ற அளவில் இருந்த கோல் சராசரி 6ஐத் தாண்டிற்று. சில ஆண்டுகளில் அது மீண்டும் சரிந்தது. தாக்குவோருக்கு மட்டுமன்றித் தடுப்போருக்கும் அறிவு உண்டு என்பதை விதி வகுப்போர் மறக்கலாகாது.

அவ்வாறாயின் விதிகளைத் தொடவே கூடாதா? அங்ஙனம் யான் கூறவில்லை. ஹாக்கியில் ஆஃப்சைடு விதியை 1996இல் சோதனையாக விலக்கி, 1998இல் அடியோடு நீக்கினர். 2009இல், ஃப்ரீ ஹிட் பெற்றவர் பந்தைத் தமக்குத் தாமே தட்டிக்கொண்டு ஓடலாம் என்ற விதி வந்தது. இவை கோலின் விலையை உயர்த்தவில்லை. கோலுக்குச் செல்லும் வழியைத் திறந்தன. நடுவரின் ஊதல் குறைந்தது. ஆட்டத்தின் ஓட்டம் மிகுந்தது. தடுப்போருக்கும் பந்தைப் பறித்தவுடன் பாய்ந்து செல்ல அதே உரிமை கிடைத்தது. இத்தகைய மாற்றத்தை வரவேற்கலாம். இரு தரப்பாரையும் ஒப்ப விடுவிக்கும் விதி நல்ல விதி. ஒரு தரப்பின் திறமையை மட்டும் விலையேற்றும் விதி ஐயத்திற்குரியது.

கேரளத்தில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கம் பெற்ற கேரள வீரர் இருவர். 1972இல் மியூனிக்கில் வெண்கலம் பெற்ற கண்ணூர் மானுவல் ஃபிரெடரிக் ஒருவர். டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் பெற்ற பி. ஆர். ஸ்ரீஜேஷ் மற்றவர். ஸ்ரீஜேஷ் ஹாக்கி பயின்றது நம் திருவனந்தபுரத்து ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில். இருவரும் இலக்குக் காவலர்கள்! 2021இல் நடந்த டோக்கியோ வெண்கல ஆட்டத்தில் ஜெர்மனியை நாம் 5-4 என்று வென்றோம். ஒன்பது கோல்கள் விழுந்த ஆட்டந்தான். ஆயினும், ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கையில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை ஸ்ரீஜேஷ் தடுத்தாரே, அந்த விழாத கோல்தான் பதக்கத்தை நமக்குத் தந்தது. கோல்களை மட்டும் எண்ணும் பலகையில் அதற்கு இடமில்லை.

இறுதியாக ஒன்று. விதி மாற்றங்கள் தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பவரை எண்ணியே பெரும்பாலும் ஆராயப்படுகின்றன. ஆனால் விதிகள் கோவில்பட்டியின் பள்ளித் திடலில் ஆடும் சிறுவனுக்கும் உரியவை. 1976இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் வந்தபோது ஆட்டம் விரைவுற்றது. மண்ணிலும் புல்லிலும் பழகிய நம் பிள்ளைகளோ பின்தங்கினர். உலக மேடைக்கு ஒரு கணக்கு, ஊர்த் திடலுக்கு ஒரு கணக்கு என்றாகிவிட்டால் அந்த இடைவெளி இன்னும் அகலும்.

ஆகவே, புதிய விதியொன்று முன்மொழியப்படும்போது, ‘இதனால் எத்தனை கோல் கூடும்?’ என்று மட்டும் கேட்பது போதாது. ‘இதனால் ஆட்டம் ஓடுமா? தடுப்பவனுக்கும் நியாயம் கிடைக்குமா? ஏழைப் பள்ளியின் திடலிலும் இதனைக் கைக்கொள்ள முடியுமா?’ என்றும் கேட்க வேண்டும். இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின் விதியைத் தாராளமாக மாற்றுவோம். இல்லையெனில், கோல் அரிதாகவே இருக்கட்டும். அதனைக் காத்திருந்து காணும் பொறுமையை நாம் வளர்த்துக்கொள்வோம்.