அலைவாங்கியின் கேளாமை

(ஈக்காட்டுத்தாங்கலில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பேசவேண்டிய மேடையில் அலைவாங்கியைப் பற்றிப் பேச இசைவு தந்தமைக்கு நன்றி. ஆண்டெனா என நாம் வழங்கும் அக்கருவி நமக்கு அயலானதன்று. 1895இல் கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கம்பியின்றி அலைகளை அனுப்பிக் காட்டினார். 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் இந்நகரின் காற்றில் குரலை ஏற்றியது.

தீப்பொறியில் பிறந்த தொடக்ககால அலை, பரந்து விரிந்து அனைவர் காதிலும் இரைச்சலாக விழுந்தது. ஆதலால் ஒவ்வொருவருக்கும் குறுகிய அலைவரிசையைப் பிரித்துக் கொடுத்தனர். 2002இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அகன்ற பரப்பை, மிக மெல்லிய ஆற்றலில் பேசுவோர் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்றது. அப்பரப்பின் நடுவே, 5.15 முதல் 5.825 வரை, கம்பியில்லா இணையம் உரத்த குரலில் வாழ்கிறது. அதனருகே மெல்லப் பேசுபவன் எங்ஙனம் குடியிருப்பது?

தனியே ஒரு வடிகட்டி வைக்கலாம். இடமும் செலவும் கூடும். தமிழகப் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வேடுகள் பலவற்றிலும் காணக்கூடிய வேறொரு வழி உண்டு. சிறிய செப்புத் தகட்டிலேயே ‘ப’ வடிவில் மெல்லிய பிளவொன்றை வெட்டுவர். அதன் நீளம், விலக்கவேண்டிய அலையின் பாதி. 5.5 கிகாஹெர்ட்ஸுக்கு வெட்டவெளியில் அது 27 மில்லிமீட்டர். கண்ணாடியிழைப் பலகைமேல் அலை சுருங்குவதால் ஏறத்தாழ 17. அவ்வலை வந்ததும் பிளவின் இரு கரைகளிலும் மின்னோட்டம் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அழிக்கிறது. எதையும் சேர்க்காமல், நீக்கியதால் வந்த திறன் இது. சொல்லைச் சுருக்கத் தெரிந்த உங்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

எனினும் இதற்கு விலையுண்டு. பிளவின் விலக்கம் அகன்றுவிட்டால் வேண்டிய அலையும் போய்விடும். குறுகிவிட்டால் வேண்டாதது நுழையும். 2020இல் அமெரிக்கா 5.925 முதல் 7.125 வரையிலும் கம்பியில்லா இணையத்துக்குத் திறந்துவிட்டது. பழைய பிளவு இப்புதிய அயலாரை அறியாது. ஆதலால் டையோடு கொண்டு பிளவைத் திறந்து மூடும் அலைவாங்கிகளையும் அமைக்கின்றனர்.

இன்னொன்று, இயற்பியலின் விதி. அலைவாங்கி எந்த அலையைக் கேட்க மறுக்கிறதோ, அந்த அலையில் அதனால் பேசவும் இயலாது. கேளாமையும் பேசாமையும் ஒரே வெட்டில் பிறப்பவை.

அன்பர்களே, இலக்கிய வட்டத்துக்கும் இவ்விதி பொருந்தும் என்றே எண்ணுகிறேன். இரைச்சலை விலக்காத வட்டத்தில் எக்கவிதையும் காதில் விழாது. ஆனால் எக்குரலை நாம் இரைச்சலென ஒதுக்குகிறோமோ, அக்குரலில் எழுதும் வலிமையும் நம்மைவிட்டு நீங்கும். தெருவின் பேச்சை ஒதுக்கியவன் கவிதையில் தெரு பேசுவதில்லை.

தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஏரிக்குக் கரையும் வேண்டும், மதகும் வேண்டும். மதகு திறக்கவும் மூடவும் கூடியதாய் இருக்கவேண்டும். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம், தான் எவற்றைக் கேட்பதில்லை என்பதை ஆண்டுதோறும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும் என வேண்டி அமைகிறேன்.